சாய்ந்த சக்கரம்: ஒரு பழைய பெஜோ 205-இன் பின் அச்சைப் பிரித்த கதை

வண்டியின் பின்னால் பத்தடி தள்ளி நின்று பார்த்தால் எவருக்கும் தெரியும். இடது சக்கரம் ஏறக்குறைய நேராக நின்றது. வலது சக்கரம் மட்டும் தலையை உள்ளே சாய்த்து, அடியை வெளியே அகட்டி, நொண்டிக் காளை நிற்பதுபோல் நின்றது. எனக்கு இது வெகுநாளாகத் தெரியும். தெரியாதவன்போல் நடமாடிக்கொண்டிருந்தேன். தகுதிச் சோதனை நிலையத்தில் இருந்தவருக்கு அந்த வசதி இல்லை. சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார், குனிந்து விளக்கடித்துப் பார்த்தார், 'பெரிய குறை' என்ற கட்டத்தில் குறியிட்டுத் தாளை நீட்டினார்.

இந்தியப் பெருங்கடலில் உள்ள எங்கள் ரெயூனியன் தீவிலும் பிரான்சின் சட்டம்தான். நான்கு வயது தாண்டிய காரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சோதனைக்குக் காட்ட வேண்டும். பெரிய குறை என்று எழுதிவிட்டால் இரண்டு மாதத்துக்குள் சரிசெய்து மறுபடியும் கொண்டுபோக வேண்டும். முப்பது வயது கடந்த வண்டியைச் சேகரிப்பு வண்டியாகப் பதிந்துகொண்டால் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை போதும். அந்த விண்ணப்பத் தாள் என் மேசை இழுப்பறையில் இரண்டு ஆண்டாக உறங்குகிறது. நல்லவேளையாக ஜூலை விடுமுறைக்கு நான்கு நாள்தான் இருந்தது. கணக்கு வாத்தியாருக்கு விடுமுறையில் வேறென்ன வேலை?

வண்டி என் மனைவியின் அண்ணனுடையது. 1990-இல் வாங்கிய மூன்று கதவு எக்ஸ்.எஸ். வகை. அவர் பிரான்சில் உள்ள லியோனுக்கு வேலைக்குப் போனபோது சாவியை என்னிடம் கொடுத்து, "பத்திரமாக வைத்திருங்கள் மாப்பிள்ளை, அடுத்த ஆண்டு வந்து எடுத்துக்கொள்கிறேன்" என்றார். அந்த அடுத்த ஆண்டு வராமலே பத்தொன்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. காரைக்காலிலிருந்து சேந்த்-ஆந்த்ரேவுக்கு வந்து சேர்ந்த எனக்கு இந்தத் தீவில் கிடைத்த முதல் வண்டி இது. ஆகவே விற்கிற பேச்சுக்கு இடமில்லை.

சக்கரம் சாயத் தொடங்கியபோது ஒரு பணிமனையில் காட்டினேன். பெயர் வேண்டாம். "ஷாக் அப்சார்பர் போய்விட்டது" என்று சொல்லி இரண்டையும் மாற்றிக் கொடுத்தார்கள். வண்டி கொஞ்சம் கெட்டியாக ஓடியது. சக்கரம் சாய்ந்தபடியேதான் இருந்தது. இந்த வண்டியின் அமைப்பு தெரிந்தவர் எவரும் அந்தத் தவறைச் செய்திருக்க மாட்டார். இதில் ஷாக் அப்சார்பர் சக்கரத்தின் நிமிர்வைத் தாங்குவதே இல்லை. அதைத் தாங்குவது வேறொன்று.

205 வெளிவந்தது 1983-இல். 1998 வரை ஐம்பது லட்சத்துக்கு மேல் செய்தார்கள். அதன் பின்பகுதியைப் பொறியாளர்கள் தட்டையாகச் செய்ததற்கு ஒரு காரணம் உண்டு: டிக்கியின் தரை தாழ்வாகவும் அகலமாகவும் இருக்க வேண்டும். சுருள் ஸ்பிரிங்கும் நெட்டுக்குத்தான ஷாக் அப்சார்பரும் வைத்தால் இரண்டு பக்கமும் மேடு கட்டிவிடும். எனவே ஸ்பிரிங்கே இல்லாமல் செய்துவிட்டார்கள். வண்டியின் குறுக்கே ஒரு தடித்த இரும்புக் குழாய். அதன் இரு முனையிலும் பின்னோக்கி நீளும் வார்ப்பிரும்புக் கை ஒவ்வொன்று. கையின் நுனியில் சக்கரம். குழாய்க்கு முன்னே ஒன்றும் பின்னே ஒன்றுமாக இரண்டு முறுக்குத் தண்டுகள் ஓடுகின்றன. ஒவ்வொரு தண்டும் ஒரு முனையில் தன் பக்கத்துக் கையைப் பிடித்திருக்கும், மறுமுனையில் எதிர்ப்பக்கத்து அடைப்புத் தாங்கியில் இறுகியிருக்கும். சக்கரம் மேடேறினால் கை மேலெழும், தண்டு முறுகும். பிழிந்த ஈரத்துணி கைவிட்டதும் திரும்புவதுபோல் திரும்பும். அதுதான் ஸ்பிரிங். ஷாக் அப்சார்பர்கள் ஏறத்தாழப் படுத்த நிலையில் இருக்கும். குழாயின் உள்ளே, வண்டி வளைவில் சாயாமல் தடுக்கும் இன்னொரு தண்டு. எல்லாம் சேர்ந்து ஒரே கட்டாக, நான்கு ரப்பர் தாங்கிகளில் வண்டியின் அடியில் தொங்குகிறது.

கை சுழல்வதற்காக அதில் ஒரு குறுந்தண்டு அடித்து இறுக்கப்பட்டிருக்கிறது. அது குழாயின் வாய்க்குள் போய் இரண்டு ஊசி பேரிங்குகளில், அதாவது ஊசிபோல் மெல்லிய உருளைகள் அடுக்கிய பேரிங்குகளில், உட்காரும். வண்டியின் பின்பாரம் முழுவதும் ஒரு பக்கத்துக்கு இந்த இரண்டு பேரிங்கின் மேல்தான். பேரிங்குக்குக் காவல் ஒரு ரப்பர் சீல். அந்தச் சீல் வெடித்தால் தண்ணீர் உள்ளே போகும், ஊசிகள் துருப்பிடிக்கும், குறுந்தண்டு தேயும், கை ஆடும், சக்கரம் சாயும்.

எங்கள் வீடு ஷாம்-போர்ன் பக்கம். 1962-இல் ஜென்னி புயலில் கடல் ஏறி இடித்துப்போட்ட தேவாலயத்தின் சுவர்கள் இன்னும் அங்கே நிற்கின்றன. அலை பாறையில் மோதும் நாட்களில் உப்புத்தூறல் சாலை வரை வரும். தீவின் கிழக்குக் கரையென்பதால் மழைக்கும் குறைவில்லை. முப்பது ஆண்டு உப்புக்காற்றும் மழையும் குடித்த வண்டி. அதற்குள் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரிந்தேதான் இருந்தது.

பிரிப்பதற்கு முன் அளந்தேன். கொத்தனாரின் தூக்குக்குண்டு ஒன்று போதும். சமதரையில் வண்டியை நிறுத்தி, நூலைச் சக்கர வளையத்தின் அருகே தொங்கவிட்டு, வளையத்தின் மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் நூலிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்க்க வேண்டும். இடது பக்கம் வித்தியாசம் 6 மில்லிமீட்டர், வலது பக்கம் 19. பதின்மூன்று அங்குல வளையத்தில் 19 மில்லிமீட்டர் என்றால் சுமார் 3 பாகை. பிறகு ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். 'டொக்' என்று சத்தம். சக்கர பேரிங்கா, அச்சு பேரிங்கா என்று பிரித்தறிய மகனை ஆட்டச் சொல்லிவிட்டு, கை குழாயோடு சேரும் இடத்தில் விரல் வைத்தேன். அங்கேதான் அசைவு.

மச்சானுக்குப் படம் அனுப்பினேன். லியோனிலிருந்து பேசினார். "மாப்பிள்ளை, இங்கே புதுப்பித்த முழு அச்சாகவே விற்கிறார்கள். பழையதைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள்." உண்மைதான், ஆனால் அது அங்கே இருப்பவர்களுக்கு. பழையதைத் திருப்பி அனுப்பக் கப்பல் கூலி, புதியது வரக் கப்பல் கூலி, வந்திறங்கியதும் துறைமுகத்தில் ஒக்த்ருவா என்னும் கடல்வரி. கூட்டிப் பார்த்தால் வண்டியின் மதிப்பைத் தொட்டது. அவர் குறுந்தண்டுகள், பேரிங்குகள், சீல்கள் மட்டும் வாங்கிப் பொட்டலமாக அனுப்பினார். தோராயமாக மூன்று கிலோ. அந்தக் கணக்கு தாங்கியது.

அடுத்த வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். கரும்பு லாரிகளைப் பழுதுபார்த்தே ஆயுளைக் கழித்தவர். தெருவே அவரைத் 'தோன்தோன்' என்று கூப்பிடும். மாமா என்று பொருள். அவருடைய பாட்டனார் காலத்துக்கு முன்பே காரைக்காலில் கப்பலேறி ஒப்பந்தக் கூலியாக வந்த குடும்பம். கோயிலில் தமிழ்ப் பாட்டைப் பிசிறில்லாமல் பாடுவார்; பேச்சு முழுவதும் தீவின் பேச்சுமொழியான கிரேயோல். வண்டியைப் பார்த்ததும் கிரேயோலில் சொன்னார்: "இரும்பைக் கழற்றுவது வேலையில்லை. துருவைக் கழற்றுவதுதான் வேலை." அதன் முழுப்பொருள் எனக்கு மூன்றாம் நாள் விளங்கியது.

முதல் நாள் முழுவதும் ஒன்றையும் கழற்றவில்லை. கம்பி பிரஷ்ஷால் ஒவ்வொரு நட்டையும் போல்ட்டையும் சுரண்டி, துரு இளக்கும் எண்ணெயை விட்டு, ஊறவைத்தேன். மாலையில் மறுபடி. இரவு படுக்கும்முன் மறுபடி. இந்த ஒரு நாளை மிச்சப்படுத்த நினைப்பவர்கள் அடுத்த மூன்று நாளை உடைந்த போல்ட்டைத் துளையிடுவதில் கழிப்பார்கள்.

வண்டியின் பின்பகுதியை உயர்த்தி, உடலின் பலமான இடத்தில் இரண்டு ஸ்டாண்டு வைத்தேன். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். நான் கழற்றிய சக்கரங்களையும் உடலுக்கு அடியில் படுக்கவைத்திருந்தேன். சைலன்சர், கைபிரேக் கேபிள்கள், பிரேக் குழாய் இணைப்புகள் என்று வரிசையாக வந்தன. பிரேக் குழாய் ஒன்று நட்டோடு சேர்ந்து முறுகி அறுந்தது. எப்படியும் மாற்ற வேண்டிய குழாய்தான் என்று ஆறுதல் சொல்லிக்கொண்டேன். ஷாக் அப்சார்பர் போல்ட்டுகள் ரப்பர் புஷ்ஷின் இரும்புக் கூட்டோடு ஒட்டிக்கொண்டு திரும்ப மறுத்தன. புதிதாய் மாற்றி இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. மாற்றியவர்கள் ஒரு விரல் கிரீஸ் தடவியிருந்தால் எனக்கு ஒரு மாலை மிச்சமாகியிருக்கும். ரம்பத்தால் அறுத்தேன்.

ரப்பர் தாங்கிகளின் போல்ட்டுகள் ஆச்சரியமாக எளிதில் கழன்றன. முழு அச்சும் ஜாக்கியின் மேல் இறங்கியது. நானும் மகனும் ஆளுக்கொரு முனை பிடித்து இழுத்து வெளியே போட்டோம். மாமரத்தடியில் கிடந்த அதைப் பார்த்தபோது, கடலடியிலிருந்து எடுத்த நங்கூரம் என்று சொன்னால் நம்பலாம்போல் இருந்தது.

இனி முறுக்குத் தண்டுகள். மற்ற எதையும் மறந்தாலும் இதை மறக்க மாட்டேன்.

தண்டின் இரு முனையிலும் பல்வரிசை வெட்டியிருக்கும். அந்தப் பற்கள் கையிலும் தாங்கியிலும் உள்ள பள்ளங்களில் பொருந்தும். எந்தப் பல் எந்தப் பள்ளத்தில் என்பதுதான் வண்டியின் உயரத்தைத் தீர்மானிக்கிறது. ஆகவே கழற்றுமுன் அடையாளம் போட வேண்டும். நான் மகனின் ஓவியப் பெட்டியிலிருந்த வெள்ளைச் சாயத்தால், தண்டிலும் கையிலும் தாங்கியிலும் அழகாகக் கோடு போட்டேன். பிறகு துரு இளக்கும் எண்ணெயைத் தாராளமாக விட்டேன். துருவை இளக்கும் எண்ணெய் சாயத்தையும் இளக்கும் என்று அறிவியல் பாடம் நடத்துகிற சக ஆசிரியரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். காலையில் கோடு இல்லை. புள்ளி உளியை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டியிருந்தால் இரும்பிலேயே குறி விழுந்திருக்கும். அடுத்த முறை கழற்றினால் அப்படித்தான் செய்வேன். சக்கர வளைவின் விளிம்பிலிருந்து சக்கர மையம் வரை முன்பே அளந்து வைத்திருந்தது ஓரளவுக்கு ஆறுதல். ஆனால் அது தேய்ந்து சாய்ந்த வண்டியின் அளவு.

இடது தண்டும் வலது தண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். மாற்றிப் போடக் கூடாது. ஆலையிலேயே அவற்றை ஒரு திசையில் முறுக்கிப் பழக்கியிருப்பார்கள். எதிர்த்திசையில் வேலை வாங்கினால் தளர்ந்துபோகும். முனையில் அடையாள வளையங்கள் உண்டு. துருவில் அவை மறைந்திருந்தால் கழற்றிய உடனே எதை எந்தப் பக்கம் எடுத்தோம் என்று கம்பி கட்டி வைத்துவிட வேண்டும். நான் இடதுக்குச் சிவப்பு நூல், வலதுக்கு மஞ்சள் நூல் கட்டினேன்.

தண்டை உருவ அதன் முனையிலுள்ள மரையில் ஒரு கம்பியைத் திருகி, அந்தக் கம்பியில் சறுக்கி ஓடும் கனத்த குண்டை வேகமாக வெளிப்பக்கம் இழுத்து மோத வேண்டும். தோன்தோன் தன் பழைய கரும்பு லாரியின் இணைப்பு ஊசி ஒன்றைத் துளைத்துக் குண்டு செய்து கொடுத்தார். நான்கு கிலோ இருக்கும். இடது தண்டு இருபது மோதலில் அசைந்து, நாற்பதில் முழுதாக உருவிக்கொண்டு வந்தது. வலது தண்டு அசையவில்லை. நூறு மோதினேன். மரையில் திருகிய கம்பிதான் வளைந்தது.

இங்கே பலர் கேஸ் டார்ச்சைத் தண்டின்மேல் காட்டிவிடுவார்கள். கூடாது. தண்டு பதமேற்றிய ஸ்பிரிங் எஃகு. சிவக்கச் சுட்டால் பதம் போய்விடும், பிறகு அது வெறும் கம்பி. அதேபோல் உளியால் நெம்பித் தண்டில் கீறல் விழச் செய்வதும் கூடாது. பிற்காலத்தில் அந்தக் கீறலிலிருந்துதான் விரிசல் தொடங்கும். சூடு காட்ட வேண்டியது தண்டைச் சுற்றியுள்ள வார்ப்பிரும்புக்கு, அதுவும் தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று ஆவியாகும் அளவுக்கு மட்டும். தோன்தோன் செய்த முறை இன்னும் எளிது. அவர் தண்டை விட்டுவிட்டு, பல்வரிசை இருக்கும் இடத்தில் கையின் வெளிப்புறத்தைச் சுத்தியலால் தட்டினார். ஓங்கி அடிக்கவில்லை, தட்டான் நகை தட்டுவதுபோல் சுற்றிச் சுற்றி, கால் மணி நேரம். தட்டத் தட்டச் செம்மண்போல் துரு உதிர்ந்தது. எண்ணெய் விட்டோம். சோறு சாப்பிடப் போனோம். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் மாலை, ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் பெரிய லாரி தெருவே அதிரக் கடந்துபோன வேளையில், பதினோராவது மோதலில் 'ணங்' என்று தண்டு ஒரு விரற்கடை வெளியே வந்தது. லாரியின் அதிர்ச்சிதான் உதவியது என்று மகன் இன்றும் சாதிக்கிறான். மறுக்க என்னிடம் சான்று இல்லை.

குழாயின் உள்ளே இருந்த சாய்வுத் தடுப்புத் தண்டு, அதன் ஒரு பக்கக் கை கழன்றதும் மறுபக்கமாக உருவிக்கொண்டு வந்தது. பிறகு வார்ப்பிரும்புக் கைகள். இடது கை குழாயிலிருந்து பழுப்பு நிறக் கிரீஸோடு வழுக்கி வந்தது. வலது கையை நெம்ப நெம்ப, கருஞ்சிவப்புத் தூளாகக் கொட்டியது. அந்தத் தூளுக்குள் கருகிய சீரகம்போல் கிடந்தவைதான் பேரிங்கின் ஊசிகள். பாதிக்குமேல் உடைந்திருந்தன. குறுந்தண்டின் ஒரு பக்கத்தில் மட்டும் நகம் மாட்டும் ஆழத்துக்கு வரிவரியாகப் பள்ளம். எதிர்ப்பக்கம் கண்ணாடிபோல் புதுசு. கை முழுச்சுற்றுச் சுற்றுவதில்லை, சிறு கோணத்தில் மேலும் கீழும் ஆடுகிறது, பாரம் எப்போதும் ஒரே பக்கம் என்பதால் இப்படி. சீல் என்று ஒன்று இருந்ததற்கு அடையாளமாக ஒரு இரும்பு வளையம் மட்டும் மிச்சம். முழுத்தொல்லைக்கும் மூலம் சில யூரோ விலையுள்ள அந்த ரப்பர்.

குறுந்தண்டை மாற்றுவதை வீட்டில் முயல வேண்டாம் என்பது என் தீர்ப்பு. அது கைக்குள் மிக இறுக்கமாக ஏறியிருக்கிறது. பெரிய ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும். லாரிப் பட்டறை ஒன்றில் கெஞ்சி, ஐம்பது யூரோவுக்கு நான்கு அழுத்தங்கள் என்று பேசிக்கொண்டேன். போகுமுன் பழைய குறுந்தண்டு கையிலிருந்து எவ்வளவு நீளம் வெளியே நிற்கிறது என்று காலிப்பரில் அளந்து இரண்டு கைகளின்மேலும் உளியால் பொறித்தேன்; சாயத்தில் பட்டது போதும். புதியது அதே அளவுக்கு ஏறினால்தான் சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலம் மாறாமல் இருக்கும்.

பிரஸ்ஸின் முள் ஏறிக்கொண்டே போனது. ஒன்றும் நடக்கவில்லை. பட்டறைக்காரர் என்னைக் கதவுக்குப் பின்னால் போகச் சொன்னார். பிறகு துப்பாக்கி வெடித்ததுபோல் ஒரு சத்தம். பழைய தண்டு விடுபட்டிருந்தது. புதிய தண்டுகளை இரண்டு நாளாக வீட்டுக் குளிர்ப்பெட்டியின் உறைபகுதியில், மீன் பொட்டலங்களுக்கு நடுவே வைத்திருந்தேன். குளிரில் இரும்பு மயிரிழை சுருங்கும். சூடாக்கிய கை மயிரிழை விரியும். இரண்டு இழையும் சேர்ந்தால் பிரஸ்ஸுக்குப் பாதி வேலைதான். மனைவி உறைபகுதியைத் திறந்து தண்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்த வாரம் மீன் குழம்பில் இயந்திர எண்ணெய் வாசனை இருந்ததாக அவள் சொல்கிறாள். எனக்கு அப்படித் தெரியவில்லை.

குழாயின் உள்வாயைச் சுத்தம் செய்வதில் ஒரு பயம் இருந்தது. பேரிங்கின் வெளிக்கூடு குழாய்க்குள்ளேயே சுழன்று குழாயைத் தேய்த்திருந்தால், புதிய பேரிங் தளர்வாக உட்காரும். அப்போது குழாயும் குப்பைதான். பழைய கூடுகளை நீண்ட இரும்புத் தடியால் எதிர்ப்பக்கத்திலிருந்து தட்டி எடுத்தேன். ஒவ்வொரு தட்டுக்கும் அது பிடிவாதமாக எதிர்த்தது. அந்தப் பிடிவாதம் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது: குழாய் தேயவில்லை. புதிய பேரிங்குகளைப் பழையவற்றின் ஆழத்துக்கே இறக்கினேன். நேராகச் சுத்தியலால் அடித்தால் கூடு நசுங்கி ஊசிகள் இறுகும். தோன்தோன் லேத்தில் கடைந்து கொடுத்த படித்தடியை வைத்து அடித்தேன். பிறகு தண்ணீரில் கரையாத, படகு இயந்திரங்களுக்குப் போடும் கிரீஸ். ஊசிகளுக்கு இடையே விரலால் அமுக்கி நிரப்பி, அதற்கும் மேலே இன்னொரு கைப்பிடி.

இங்கே எனக்கும் தோன்தோனுக்கும் வாக்குவாதம். குழாயில் ஒரு துளை போட்டு கிரீஸ் நிப்பிள் வைத்துவிட வேண்டும், ஆண்டுக்கொருமுறை பம்பால் அடித்தால் இந்தத் தொல்லை ஆயுளுக்கும் வராது என்பது அவர் கட்சி. லாரிக்காரர் அப்படித்தான் பேசுவார். இந்தக் குழாய் நீளமானது, உள்ளே காலியிடம் அதிகம். நடுவில் அடிக்கும் கிரீஸ் குழாய் முழுவதும் நிரம்பிய பிறகுதான் ஓரத்துப் பேரிங்கை எட்டும். பேரிங்குக்குப் பக்கத்தில் துளைத்தால் பாரம் தாங்கும் இடத்தைப் பலவீனப்படுத்துகிறோம். அந்தத் துளையே துருவுக்கு இன்னொரு வாசலாகும். நான் துளைக்கவில்லை. பத்து ஆண்டு கழித்துப் பார்ப்போம் என்றார். அவருக்கு எழுபத்தாறு வயது. பார்ப்பார் என்றே நம்புகிறேன்.

சுரண்டல், துரு மாற்றும் அமிலம், துத்தநாக பிரைமர் இரண்டு பூச்சு, கறுப்புப் பெயின்ட் இரண்டு பூச்சு. மழை விட்டு விட்டுப் பெய்ததால் இதற்கே ஐந்து நாள் போயிற்று. ரப்பர் தாங்கிகள் நான்கையும் மாற்றினேன். பழையவை ஒருவேளை இன்னும் சில ஆண்டு தாங்கியிருக்கும். ஆனால் அவற்றுக்காக மறுபடி அச்சை இறக்க எனக்குத் தெம்பில்லை.

இப்போது தண்டுகளைத் திரும்பப் போட வேண்டும். அடையாளம் அழிந்துவிட்டதல்லவா? அங்கேதான் கணக்கு கைகொடுத்தது. தண்டின் இரு முனையிலும் பற்களின் எண்ணிக்கை ஒன்றல்ல. கணக்குக்காக ஒரு முனையில் 30, மறுமுனையில் 31 என்று வைத்துக்கொள்வோம். முப்பது பல் முனையில் ஒரு பல் நகர்த்தினால் 12 பாகை. முப்பத்தொரு பல் முனையில் ஒரு பல் எதிர்த்திசையில் நகர்த்தினால் ஏறத்தாழ 11.6 பாகை. இரண்டையும் சேர்த்துச் செய்தால் மிஞ்சுவது 0.4 பாகைக்கும் குறைவு. பருமனான பற்களை வைத்துக்கொண்டே நுணுக்கமான நகர்த்தல். காலிப்பரில் வெர்னியர் அளவுகோல் வேலை செய்வதும் இதே தந்திரத்தால்தான். பத்தாண்டாகக் கரும்பலகையில் வெர்னியர் வரைந்து காட்டியவனுக்கு, அது தன் காரின் அடியிலேயே இருந்தது தெரியவில்லை.

நடைமுறையில் பாகையெல்லாம் எண்ண வேண்டியதில்லை. ஷாக் அப்சார்பருக்குப் பதிலாக இரண்டு துளை போட்ட ஒரு இரும்புப் பட்டையை மாட்டினால் கை ஒரே நிலையில் நிற்கும். துளைகளுக்கு இடைப்பட்ட நீளத்தைப் பணிமனைக் கையேடு ஒவ்வொரு வகைக்கும் சொல்கிறது. அந்த நிலையில், இரு முனையும் ஒருசேர வழுக்கி உள்ளே போகும் பொருத்தம் கிடைக்கும்வரை தண்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். பலாச்சுளைக்குக் கத்தி வைப்பதுபோல் பொறுமை வேண்டும். பொருந்தும்போது அது தானாகப் போகும், அடித்து ஏற்றக் கூடாது. பற்களில் செம்புக் கிரீஸ் தடவிப் போட்டேன். இரண்டு பக்கமும் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. அச்சை ஏற்றினோம், பிரேக் குழாய்களைப் புதிதாய் வளைத்துப் பூட்டினோம், சக்கரம் மாட்டி இறக்கினோம்.

வண்டியின் பின்பகுதி இருபுறமும் சமமாக, அளவுக்குமேல் 24 மில்லிமீட்டர் தாழ்ந்து நின்றது.

மகன், "நன்றாக இருக்கிறது அப்பா, பந்தயக் கார் மாதிரி. இப்படியே விட்டுவிடுங்கள்" என்றான். நான் பட்டையை எடுத்து அளந்தேன். கையேடு சொன்ன நீளம் துளையின் மையத்திலிருந்து மையம் வரை. நான் துளைத்தது வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை. 12 மில்லிமீட்டர் துளை. 12 மில்லிமீட்டர் குறைவு. ஷாக் அப்சார்பர் சாய்ந்து படுத்திருப்பதால் அங்கே நேர்கிற சிறு பிழை சக்கரத்திடம் போகும்போது பெருகிவிடுகிறது. மாணவன் இப்படிச் செய்திருந்தால் சிவப்பு மையால் வட்டமிட்டிருப்பேன். புதுப்பட்டை, சரியான துளை. இம்முறை அச்சை இறக்கத் தேவைப்படவில்லை. செம்புக் கிரீஸ் போட்ட தண்டுகள் குண்டின் இரண்டு மோதலுக்கே வெளியே வந்தன. அரை நாளில் முடித்தேன்.

ஒரு விஷயத்தைச் சொல்ல விட்டுவிட்டேன். ஷாக் அப்சார்பர் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும்போது முழுமையாக இறுக்கக் கூடாது. வண்டி தரையில் நின்று, தன் பாரத்தில் அமர்ந்த பிறகுதான் கடைசி இறுக்கம். இல்லாவிட்டால் ரப்பர் புஷ் எப்போதும் முறுகிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். தரையோடு தரையாகப் படுத்து இறுக்கியதில் என் சட்டையும் போனது.

பிரேக்கில் காற்றை வெளியேற்றியதும், கைபிரேக்கைச் சரிசெய்ததும் எல்லாரும் அறிந்த வேலை. நேராக ஓட்டிப் பார்க்கப் போனோம். சேந்த்-ஆந்த்ரேவிலிருந்து சலாஸிக்கு ஏறும் சாலையைவிடச் சிறந்த சோதனைக்கூடம் எங்கள் பக்கம் இல்லை. ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் பள்ளத்தில் ஆறு, வளைவுக்கு வளைவு. மலைச்சுவரிலிருந்து வழியும் அருவிகள் சாலையை நனைத்துக்கொண்டே இருக்கும். முன்பு வலது வளைவில் ஒன்று, இடது வளைவில் ஒன்று என்று வண்டி வெவ்வேறு குணம் காட்டும். பின்பகுதி ஒரு கணம் தயங்கிவிட்டுத் தொடரும். இப்போது அந்தத் தயக்கம் இல்லை. பள்ளங்களில் 'கிறீச்' என்று வந்த சத்தமும் இல்லை. அதை நான் இத்தனை காலம் இருக்கையின் சத்தம் என்று நினைத்திருந்தேன். 'மணமகள் முக்காடு' என்று பெயர்பெற்ற அருவிக்கு எதிரே நிறுத்தி, தோன்தோன் வண்டியின் பின்னால் போய் நின்று, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் திரும்ப ஏறிக்கொண்டார். அவரிடம் அது பாராட்டு.

மறுசோதனையில் அதே சோதகர். சக்கரத்தைப் பிடித்து ஆட்டினார். விளக்கடித்தார். யார் செய்தது என்று கேட்டார். சொன்னேன். தாளில் முத்திரை விழுந்தது. உதிரிகள், பிரஸ், கிரீஸ், பெயின்ட், பிரேக் குழாய், அறுத்தெறிந்த போல்ட்டுகள் எல்லாம் சேர்த்து 388 யூரோ. என் சட்டையைச் சேர்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டேன். இடது 5 மில்லிமீட்டர், வலது 6. உயரத்தையும் அளந்தேன்: வலது பக்கம் இடதைவிட 4 மில்லிமீட்டர் தாழ்வு. பல் ஒன்று முன்னும் பின்னுமாக நகர்த்தினால் சரியாகிவிடும். மச்சானிடம் தொலைபேசியில் சொன்னேன். "ஸ்டியரிங் இடது பக்கம்தானே இருக்கிறது மாப்பிள்ளை. நீங்கள் ஏறி உட்கார்ந்தபின் அளந்து பார்த்தீர்களா?" என்றார். மகனை அளக்கச் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். ஒரு மில்லிமீட்டர்.